அப்பா இல்லாத வீட்டுப் பையன் என்றால் ஓடித்தான் போவானா?

குடியாத்தம் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா பையனுக்குப் பதினைந்து வயது, பத்தாவது படிக்கிறான். போன மாதம் ஒரு திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போகிறேன் என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவன் நேராகக் குடியாத்தம் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறிவிட்டான். பெங்களூருவில் ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர்கள் பார்த்துப் பிடித்து, ஒரு காப்பகத்தில் வைத்து, அங்கிருக்கும் குழந்தைகள் நலக் குழு வழியாக வேலூர் குழுவுக்கு அனுப்பி, அக்கா போய்க் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் யார் என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பதற்கு மேல் வார்த்தை வருவதில்லை.

சொந்தக்காரர்கள் மட்டும் நிறுத்தாமல் பேசுகிறார்கள். "அப்பன் இல்லாத வீடு, வேற எப்படி இருக்கும்" என்று நேரிலேயே சொல்கிறார்கள், அக்கா காதில் விழும்படி. அவள் வீட்டுக்காரர் அஞ்சு வருடத்துக்கு முன்னால் விட்டுவிட்டுப் போய்விட்டார், திருப்பூரில் வேறு குடும்பம். அக்கா ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் வேலை. காலையில் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப இருட்டிவிடும். இத்தனை வருடமும் பையனைப் பார்த்துக்கொண்டது எங்கள் அம்மா. ஆயா ஆயா என்று அவர் பின்னாலேயே சுற்றுவான். அம்மா போன தை மாதம் தவறிவிட்டார். அதற்கப்புறம் பேரணாம்பட்டில் கடை வைத்திருந்த எங்கள் பெரிய அண்ணன் கடன் அதிகமாகிக் கடையை மூடிவிட்டு அண்ணி, இரண்டு பெண் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். ஆக வீட்டில் ஆளில்லை என்று சொல்ல முடியாது, இப்போது ஆறு பேர் இருக்கிறார்கள். அண்ணன் கண்டிப்பானவர், ஆண் துணை இல்லை என்ற குறையும் கிடையாது.

நான் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை, ஷிப்ட், மாதம் ஓரிரு தடவைதான் ஊருக்கு வர முடிகிறது. "ரெண்டு தாய்மாமன் இருந்தும் ஒரு பையனை அடக்க முடியலயா" என்று எனக்கும் கிடைக்கிறது.

நான் கேட்க வந்தது இதுதான். அப்பா இல்லாமல் வளர்கிற பிள்ளைகள்தான் வீட்டை விட்டுப் போகிறார்கள் என்பது நிஜமா, இல்லை சும்மா வாய்க்கு வந்த பேச்சா? இரண்டாவது, அண்ணன் அவனை திருவண்ணாமலையில் ஒரு விடுதியில் சேர்த்துவிடலாம் என்கிறார். அக்கா, அப்பாவிடமே கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று அழுதுகொண்டே கேட்கிறாள். நான் என்னோடு கூட்டிப் போகலாமா என்று நினைக்கிறேன், ஆனால் நைட் ஷிப்ட் வந்தால் அவன் ரூமில் தனியாகத்தான் இருக்க வேண்டும். எது சரி?

பாலாறு வாத்தியார்:

தம்பி, நான் ரிட்டயர் ஆகும்வரை அரசுப் பள்ளியில் ஒன்பதாவது பத்தாவதுக்குக் கணக்கு எடுத்தவன். அதனால் முதலில் கணக்காகவே சொல்கிறேன். ஒரு பையன் ஓடிவிட்டால் உடனே ஊர் அவன் வீட்டைப் பார்க்கிறது, அப்பா இல்லை என்று தெரிந்ததும் காரணம் கிடைத்துவிட்டது என்று முடித்துவிடுகிறது. அப்பா இல்லாத வீட்டில் இருந்துகொண்டு ஓடாமல் தினமும் ஸ்கூலுக்கு வருகிற பிள்ளைகளை எவனும் எண்ணுவதில்லை. அவர்களை எண்ணாமல் போடுகிற கணக்கு கணக்கே இல்லை.

நம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, எந்த வகுப்பில் கேட்டாலும் பாதி அப்பாக்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். பெங்களூருவில் கட்டட வேலை, இல்லாவிட்டால் வளைகுடா. கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்தில் ஆள் உண்டு, லீவுக்கு வந்தால்தான் பிள்ளைகள் அப்பா முகத்தைப் பார்க்கும். அங்கே எல்லாப் பிள்ளையும் காட்பாடிக்குப் போய் ரயில் ஏறிவிட்டதா என்ன? அதே சமயம் அப்பா தினமும் வீட்டில் இருந்து, தினமும் டாஸ்மாக் போய் வந்து, ராத்திரி பதினோரு மணிக்கு அம்மாவை அடிக்கிற வீட்டுப் பையன்கள் ரேங்க் கார்டு கொடுத்த அன்றைக்குக் காணாமல் போயிருக்கிறார்கள். கையெழுத்து வாங்கக்கூட அந்த வீட்டுக்குள் போகப் பயம். அவர்கள் வீட்டில் அப்பா இருந்தார்தானே.

இப்போது நீங்கள் எழுதியதையே எடுத்து வைத்துக்கொண்டு தேதிகளை மட்டும் பாருங்கள். அப்பா போனபோது அவனுக்குப் பத்து வயது. அப்போது ஓடவில்லை, அடுத்த வருடமும் ஓடவில்லை, அஞ்சு வருடம் ஒழுங்காக இருந்திருக்கிறான். ஆயா போன பிறகு, பெரிய மாமா குடும்பம் உள்ளே வந்த பிறகு, சில மாதத்துக்குள் கிளம்பியிருக்கிறான். காரணம் என்று தேட வேண்டுமானால் சமீபத்தில் மாறினது எது என்று தேட வேண்டும். அஞ்சு வருடமாக மாறாமல் இருக்கிற ஒன்றில் போய்த் தேடினால் கிடைக்காது.

ஆறு பேர் இருக்கிறார்கள் என்கிறீர்கள். சாயங்காலம் நாலரைக்கு அவன் வந்தால் "வந்துட்டியா, கை கால் கழுவு" என்று சொல்ல அந்த ஆறில் யார்? முன்னால் ஆயா சொல்லியிருப்பார். இன்னொன்று, அவன் இப்போது எங்கே படுக்கிறான்? ஆயா படுத்திருந்த ரூம் இப்போது யாரிடம் இருக்கிறது? அடுத்த தடவை போகும்போது இதைப் பாருங்கள்.

விடுதி வேண்டாம் என்பது என் கருத்து. விடுதியிலிருந்து சுவர் ஏறிக் குதித்துப் போகிறவர்கள் இல்லையா? எந்த வார்டனை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அதுவும் ஓடிப்போனதற்குத் தண்டனையாகச் சேர்க்கிற விடுதியில் ஒரு பையன் நிலைப்பது அபூர்வம்.

கோட்டை வாசல்:

வாத்தியார் ஐயா, பேசுவதற்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ஆம்பளைப் பையனுக்கு அப்பன் பயம் என்று ஒன்று வேண்டும். எங்கள் வீட்டில் நைனா செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே நாங்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். ஒருத்தரும் ஓடவில்லை. அம்மா மட்டும் இருக்கிற வீட்டில் அந்தப் பயம் இருக்காது, அதுதான் உண்மை, சொன்னால் கோபம் வரும். தம்பி, உன் அண்ணன் கண்டிப்பானவர் என்றால் அவரிடம் விட்டுவிடு. இரண்டு அடி விழுந்தால் சரியாகும்.

கலாசிபாளையம் டெம்போ:

கோட்டை வாசல் அண்ணா, அந்த மாதிரிச் செருப்புச் சத்தத்துக்குப் பயந்து வந்தவர்கள் எத்தனையோ பேர் எனக்குப் பக்கத்தில் மார்க்கெட்டில் படுத்திருந்தார்கள். நானே ஓடி வந்தவன்தான், அதனால் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வாலாஜா. சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார், அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். இதைச் சொன்ன உடனே எல்லாரும் "ஓ, சித்தி கொடுமை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். சித்தி கெட்டவர் கிடையாது. சோறு போட்டார், துணி துவைத்தார், அடித்ததில்லை. நடந்தது என்னவென்றால் அப்பா என்னிடம் நேராகப் பேசுவதை மெல்ல மெல்ல நிறுத்திவிட்டார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், "அவனைச் சாப்பிடச் சொல்லு", "அவன் எப்ப ஃபீஸ் கட்டணுமாம்" என்று சித்தியைப் பார்த்துக் கேட்பார். சித்திக்கும் அது தர்மசங்கடம் என்று இப்போது புரிகிறது. அவர்களுக்குக் குழந்தை பிறந்ததும் அந்தப் பேச்சும் குறைந்துவிட்டது. பதினாறு வயதில் ஒரு ராத்திரி வேலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெங்களூரு வண்டி ஏறினேன். அப்பாவும் அம்மா ஸ்தானத்தில் ஒருத்தரும் இருந்த வீடுதான் அது.

ஏன் பெங்களூரு என்றால், நம் பக்கத்துப் பசங்களுக்கு அது தெரிந்த ஊர், யாராவது அண்ணன் மாமன் அங்கே மேஸ்திரி வேலையில் இருப்பார். கலாசிபாளையத்தில், கே.ஆர். மார்க்கெட்டில் தமிழ் மட்டும் தெரிந்தாலே பிழைத்துக்கொள்ளலாம். மூட்டை இறக்கினால் அன்றைக்கே கையில் காசு. சில பேர் திருப்பதிக்குப் போவார்கள், மலையில் அன்னதானம் இருக்கிறது, இலவசமாகச் சாப்பாடு, கூட்டத்தில் ஒரு பையன் நிற்பது யாருக்கும் தெரியாது. அங்கே சலித்துப்போய் அப்புறம் பெங்களூரு வருவார்கள். ஆரம்பத்தில் ஜாலியாகத்தான் இருக்கும். அப்புறம்தான் தெரியும், ஒருத்தன் சாப்பாடு வாங்கித் தருவான், படுக்க இடம் காட்டுவான், கூலியை அவனே வாங்கி வைத்துக்கொள்வான், கேட்டால் அடி. சில பசங்கள் துணியில் சொல்யூஷன் ஊற்றி முகர ஆரம்பித்துவிட்டார்கள். ராத்திரி நேரத்தில் பெரியவர்கள் சில பேர் செய்கிற வேலையை இங்கே எழுத முடியாது.

அதனால் தம்பி, "ஏன்டா ஓடினே" என்று அவனைக் கேட்காதீர்கள். அதற்கு எந்தப் பையனிடமும் பதில் இருக்காது, எனக்கே பல வருடம் கழித்துத்தான் கிடைத்தது. அங்கே போய் என்ன சாப்பிட்டே, எங்கே படுத்தே, யார் பேசினாங்க என்று கேளுங்கள், சாதாரணமாக, டீக்கடையில் நிற்கும்போது கேளுங்கள். யாராவது தப்பாக நடந்திருந்தால் அதுவும் அப்படித்தான் வெளியே வரும். மிரட்டிக் கேட்டால் வராது. அப்புறம் அப்பாவிடம் கொண்டுபோய் விடுகிற யோசனை... அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது, அவர்கள் கேட்கவில்லை, இவனும் கேட்கவில்லை. என் அனுபவத்தில் வேண்டவே வேண்டாம்.

களப்பணி:

வட மாவட்டங்களில் ரயில் நிலையக் குழந்தைகளோடு வேலை செய்கிறேன், எந்த அமைப்பு என்று சொல்லவில்லை. கேள்வியின் முதல் பாதிக்குக் கொஞ்சம் விவரமாகப் பதில் சொல்லலாம்.

குடும்ப அமைப்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று சொன்னால் அது பொய். வெளிநாட்டில் இதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் சில்ட்ரன்ஸ் சொசைட்டி என்ற அமைப்பு 1999ல் வெளியிட்ட ஆய்வில், பதினாறு வயதுக்குள் ஒன்பது பேரில் ஒருவர் ஒரு ராத்திரியாவது வீட்டை விட்டுப் போயிருக்கிறார் என்று தெரிந்தது. பெற்ற தாய் தகப்பன் இரண்டு பேரோடும் இருக்கிற பிள்ளைகளில் இது குறைவு, ஒருவரோடு மட்டும் இருப்பவர்களில் அதிகம், மறுமணம் ஆன வீட்டில் இன்னும் அதிகம். அமெரிக்க ஆய்வுகளும் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன. கோட்டை வாசல் நண்பர் சந்தோஷப்பட வேண்டாம், மறுமணம் ஆன வீட்டில் ஆண் துணை இருக்கிறது, இருந்தும் அங்கேதான் அதிகம். அதே அமைப்பு 2011ல் மறுபடி ஆராய்ந்தபோது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிடப் பெரியவர்களோடு பிள்ளைக்கு உறவு எப்படி இருக்கிறது என்பதும், சமீபத்தில் வீட்டு ஆட்கள் மாறினார்களா என்பதும்தான் கூடுதலாகப் பேசின. வாத்தியார் ஐயா தேதியைப் பார்க்கச் சொன்னது அதைத்தான்.

ஆனால் அந்த ஊர்க் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து குடியாத்தத்தில் வைக்க முடியாது. அங்கே தனித் தாய் என்றால் பெரும்பாலும் ஒரு பிளாட்டில் அம்மாவும் பிள்ளையும் மட்டும். இங்கே உங்கள் அக்காவைத் தனித் தாய் என்று எழுதினாலும் வீட்டில் ஆறு பேர். இன்னொரு விஷயம் பணம். ஒரே சம்பளத்தில் ஓடுகிற வீட்டில் இருக்கிற நெருக்கடியையும் சேர்த்து "அப்பா இல்லாததால்" என்ற தலைப்பின் கீழ் எழுதிவிடுகிறோம். எவ்வளவு அப்பா இல்லாததால், எவ்வளவு பணம் இல்லாததால் என்று பிரிப்பது லேசு இல்லை.

ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்.பி.எஃப்) நடத்துகிற 'நன்ஹே ஃபரிஷ்தே' என்ற திட்டத்தில் 2018லிருந்து 2024 மே வரைக்கும் நாடு முழுக்க ரயில் நிலையங்களிலும் ரயில்களிலும் மீட்கப்பட்ட குழந்தைகள் 84,119 பேர். கொரோனா வருடமான 2020ல் பல மாதம் ரயில் ஓடாததால் 5,011தான், 2022ல் 17,756. இப்படி மீட்கப்பட்டு நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் முதலில் சொல்கிற பெயரும் பொய், ஊரும் பொய். வேலூர்ப் பையன் சேலம் என்பான், சேலம் பையன் தர்மபுரி என்பான். உண்மை வருவதற்கு ஒரு சாப்பாடும் ஒரு தூக்கமும் ஆகும்.

சட்டப்படி மீட்ட பிள்ளையைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும், இது 2015 இளைஞர் நீதிச் சட்டம். குழு கேட்கிற சமூக விசாரணை அறிக்கைக்கு ஒரு படிவம் உண்டு. அதில் குடும்ப உறுப்பினர்கள் பட்டியல் மட்டும் போதாது, உறவு எப்படி என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருப்பார்கள்: அப்பாவுக்கும் அம்மாவுக்கும், அப்பாவுக்கும் பிள்ளைக்கும், அம்மாவுக்கும் பிள்ளைக்கும், பிள்ளைக்கும் உடன்பிறந்தவர்களுக்கும். கடைசியில் பிள்ளைக்கும் உறவினர்களுக்கும் என்று ஒன்று இருக்கும். நம் ஊரில் அந்தக் கடைசிக் கட்டத்தை அவசரத்தில் "சுமுகம்" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள், எனக்கு நெடுநாள் வருத்தம் இது. உங்கள் வீட்டில் விஷயமே அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

பணத்துக்கு ஒரு வழி உண்டு. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் நிதி ஆதரவு என்று மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். கணவனை இழந்த, விவாகரத்தான, கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகளுக்குப் பொருந்தும். வருட வருமான வரம்பு கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்க வேண்டும். அக்கா சம்பளம் வரம்பைத் தாண்டுகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

ஆற்காட்டு அக்கா:

எல்லாரும் பையன்களையே பேசுகிறீர்கள், பெண் பிள்ளைகள் போவதில்லையா? பையன் போனால் ஓடிப்போனான் என்று தேடுகிறார்கள், பெண் போனால் மூடி மறைக்கிறார்கள், அதனால் கணக்கில் வருவதில்லை.

எங்கள் வீடு கூட்டுக் குடும்பம். தாத்தா, ஆயா, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, பிள்ளைகள், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி. அந்த வீட்டிலிருந்துதான் என் சித்தப்பா பெண் பதினேழு வயதில் கிளம்பினாள். காலையில் போனவளை ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் தேடினோம். அம்மா பெரியம்மாவோடு இருப்பாள் என்று நினைத்தார், பெரியம்மா அத்தையோடு என்று நினைத்தார், அத்தை டியூஷன் என்று நினைத்தார். ஆள் அதிகம் இருந்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அதற்கப்புறம் கூடப் புகார் கொடுக்கவில்லை, மானம் போய்விடும் என்று ஆளாளுக்குத் தனித்தனியாகத் தேடினார்கள், அந்த நேரமெல்லாம் வீண்.

ஏன் போனாள் என்றால் அவள் தாய்மாமனுக்கே அவளைப் பேசி முடித்திருந்தார்கள். பிளஸ் டூ முடிந்ததும் கல்யாணம் என்று. அவள் மேலே படிக்க வேண்டும் என்று எங்கள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொன்னாள், நான் பெரியம்மாவிடம் சொல்லு என்றேன். பெரியம்மா தாத்தாவிடம் சொல்லு என்றார். இத்தனை பெரியவர்கள் இருந்தும் முடிவு மட்டும் ஒருவர் கையில், அவரிடம் பேச யாருக்கும் தைரியம் இல்லை. காட்பாடியில் கூடப் படித்தவள் வீட்டில் இருந்தாள், அந்தப் பெண்ணின் அம்மா நல்லவர், குழந்தைகள் உதவி எண் 1098க்கு அவரே போன் செய்தார். பதினெட்டு ஆகாமல் கல்யாணம் செய்தால் கேஸ் என்று வந்தவர்கள் தாத்தாவிடம் நேராகச் சொன்ன பிறகுதான் பேச்சு நின்றது. இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள்.

தம்பி, நீங்கள் தாய்மாமன் என்றதால் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நம் பக்கம் தாய்மாமனுக்கு உரிமை அதிகம். பையனாக இருந்தால் அடிக்கிற உரிமை, பெண்ணாக இருந்தால் கட்டிக்கொள்கிற உரிமை. பிள்ளை என்ன நினைக்கிறது என்று உட்கார்ந்து கேட்கிற வேலையை யாரும் அந்த உரிமையில் சேர்க்கவில்லை. உங்கள் அண்ணன் கண்டிப்பானவர் என்று நீங்கள் பெருமையாக எழுதிய இடத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அப்புறம் உங்கள் அக்காவைப் பற்றி யாருமே பேசவில்லை. அவர் எதிரிலேயே "அப்பன் இல்லாத வீடு" என்று சொல்கிறார்களே, அதைத் தினமும் கேட்டுக்கொண்டுதானே அந்தப் பையனும் வளர்கிறான். முதலில் அந்த வாய்களை மூடச் சொல்லுங்கள்.

கோட்டை வாசல்:

சரி, அடி வேண்டாம், விடுங்கள். ஆனால் கண்டிப்பே கூடாது என்று யாரும் சொல்லாதீர்கள். கேட்கிற ஆளும் வேண்டும், கேள்வி கேட்கிற ஆளும் வேண்டும்.

குடியாத்தம் தம்பி:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை ஊருக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

வாத்தியார் ஐயா கேட்டதைப் பார்த்தேன். ஆயா ரூமில் அண்ணன் குடும்பம் இருக்கிறது. அக்காவும் பையனும் ஹாலில். ஹாலில்தான் டிவி, அது அணைந்த பிறகுதான் பாய் போட முடியும். அவன் புத்தகம் எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் பீரோ மேல். இது எனக்கு முன்பே தெரியும், ஆனால் இடம் இல்லாத வீட்டில் சகஜம்தானே என்று விட்டிருந்தேன்.

டெம்போ அண்ணன் சொன்னபடி நெல்லூர்ப்பேட்டைப் பக்கம் வண்டியில் கூட்டிப்போய் ஒரு கடையில் நிறுத்தி, அங்கே என்னடா சாப்பிட்டே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே ஆரம்பித்தான். யாரும் தப்பாக நடக்கவில்லை, ஸ்டேஷனை விட்டு வெளியே போகும் முன்பே பிடித்துவிட்டார்களாம். அப்புறம் சொன்னான், "நான் எங்க மாமா ஓடினேன், வேலைக்குத்தானே போனேன்." எதற்கு வேலை என்றால், பெரிய மாமா தினமும் சாயங்காலம் கரண்ட் பில், அரிசி, கேஸ் என்று சத்தமாகக் கணக்குப் போடுகிறாராம். "உங்க அம்மா சம்பளத்துல என்ன வருது, தின்றதுக்கு மட்டும் ரெண்டு பேர்" என்று ஒரு நாள் சொல்லியிருக்கிறார். அது அம்மா வீடு, அண்ணனுக்கு எவ்வளவு உரிமையோ அக்காவுக்கும் அவ்வளவு உரிமை. கடன் தொல்லையில் அவர் வாயில் அப்படி வருகிறது என்று எனக்குப் புரிகிறது, பதினைந்து வயதுப் பையனுக்கு எப்படிப் புரியும்? பையன் மாதம் அம்மாவுக்கு ஐயாயிரம் அனுப்பினால் மாமா பேச மாட்டார் என்று முடிவு செய்திருக்கிறான்.

விடுதி இல்லை என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சண்டைதான் வந்தது, அண்ணி நடுவில் வந்து பேசினார், அவர் ஹாலுக்கு வருகிறேன் என்றுகூடச் சொன்னார். இப்போதைக்கு மாடிப்படிக்குக் கீழே தடுப்பு வைத்து ஒரு மேஜை, லைட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வீட்டுச் செலவில் அக்கா பங்கு எவ்வளவு என்று மாதம் முதல் தேதி என் முன்னால் பேசி முடித்துவிடுவது, பிள்ளைகள் எதிரில் கணக்குப் பேச்சு கிடையாது என்று அண்ணன் ஒத்துக்கொண்டிருக்கிறார். எத்தனை நாள் நடக்கும் என்று பார்க்க வேண்டும்.

களப்பணி அவர்களுக்கு இரண்டு கேள்வி. அக்காவுக்கு விவாகரத்து ஆகவில்லை, சும்மா விட்டுவிட்டுப் போய்விட்டார், அந்த நாலாயிரம் கிடைக்குமா? இன்னொன்று, அவன் காணாமல் போன அன்றைக்கு அக்கா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது ஒரு நாள் பார்த்துவிட்டு வாங்கம்மா என்று அனுப்பிவிட்டார்கள், அப்படிச் செய்யலாமா?

களப்பணி:

இரண்டாவதுக்கு முதலில். செய்யக்கூடாது. 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை காணவில்லை என்று புகார் வந்தால் கடத்தல் என்று எடுத்துக்கொண்டு எஃப்.ஐ.ஆர் போட வேண்டும் என்று 2013 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புகார் வந்தது என்பதற்குத் தருகிற சி.எஸ்.ஆர் ரசீது மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வராதீர்கள், அந்த நேரத்திலேயே 1098க்கும் சொல்லுங்கள். ரயிலில் போயிருப்பான் என்று சந்தேகம் இருந்தால் ரயில்வே உதவி எண் 139க்கும் சொல்லலாம், போட்டோவும் போட்டிருந்த சட்டை நிறமும் கையில் இருக்கட்டும். முதல் சில மணி நேரத்தில் அவன் இன்னும் ஜோலார்பேட்டையைத் தாண்டாமல்கூட இருக்கலாம்.

நிதி ஆதரவுக்கு விவாகரத்துத் தீர்ப்புதான் வேண்டும் என்றில்லை, கைவிடப்பட்ட தாய் என்பதும் விதியில் இருக்கிறது. கணவனால் கைவிடப்பட்டவர் சான்றிதழை வருவாய்த் துறையில் தருகிறார்கள், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், தாசில்தார் கையெழுத்து. அதோடு வருமானச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, பையனின் பள்ளிச் சான்று, வங்கிப் புத்தகம் எடுத்துப் போங்கள். ரேஷன் கார்டில் அண்ணன் குடும்பமும் சேர்ந்திருந்தால் வருமானம் பார்க்கும்போது குழப்பம் வரும், அதைப் பிரித்து எழுதிக்கொள்வது நல்லது. எல்லாருக்கும் கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, மாவட்டத்துக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கீடு இருக்கும், குழு பார்த்து முடிவு செய்யும்.

குழுவிலிருந்து வீட்டுக்கு யாராவது வந்து விசாரித்தால் பயப்பட வேண்டாம். அப்போது பையனைத் தனியாகப் பேச விடுங்கள், பக்கத்தில் நின்று நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அண்ணனும் அன்றைக்கு வீட்டில் இருக்கட்டும். வேலைக்குப் போகிறேன் என்று அவன் மறுபடி சொன்னால் திட்டாமல், பத்தாவது பரீட்சை முடிந்ததும் ஐ.டி.ஐ.யா பாலிடெக்னிக்கா என்று பேச ஆரம்பியுங்கள், சம்பாதிக்க வேண்டும் என்கிற அந்த எண்ணத்தில் தப்பு ஒன்றுமில்லை. காட்பாடியில் விசாரிக்கலாம், நீங்களும் லீவு போட்டுக் கூடப் போனால் நன்றாக இருக்கும்.